பட்டினி கிடக்கும் எஞ்சின்

இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் துறை



போன மாதம் பேரவைக் கூட்டத்தில் ஒரு பேச்சு வந்தது. நம் மெக்கானிக்கல் துறையில் இருக்கும் பழைய நைட்ரோ படகைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டு, அடுத்த வருட எக்ஸிபிஷனுக்குப் பேரவை நிதியில் புதிதாக ஓர் எலக்ட்ரிக் ரிமோட் படகு வாங்கலாம் என்று. கை தூக்கச் சொன்னார்கள். அநேகமாக எல்லாருமே தூக்கினீர்கள். நானும் இன்னும் நாலு பேரும் தூக்கவில்லை. "ஏண்டா, புதுசு வாங்கித் தர்றோம்னா வேணாங்கிற?" என்று கேட்ட நண்பனுக்கு அன்றைக்கு என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. நாலு பேர் முன்னால் எழுந்து நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் மலர்க் குழுவைக் கெஞ்சி இந்தப் பக்கங்களை வாங்கியிருக்கிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

ஜூனியர்களில் பலர் அந்தப் படகைப் பார்த்தே இருக்க மாட்டீர்கள். வளைகுடாவில் வேலை பார்க்கும் நம் சீனியர் ஒருவர் லீவில் வந்தபோது துறைக்குக் கொடுத்துவிட்டுப் போனது. சிவப்பு ஃபைபர் உடம்பு. உள்ளே 3.5 சி.சி. டூ ஸ்ட்ரோக் எஞ்சின். கைக்குள் அடங்கிவிடும்! ஆனால் ஓடும்போது நிமிடத்துக்கு இருபதாயிரம் சுற்றைத் தாண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் லேபில் இருக்கும் 5 எச்.பி. டீசல் எஞ்சின் 1500 சுற்றில் ஓடுகிறது; ஃபோர் ஸ்ட்ரோக் என்பதால் விநாடிக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று தடவைதான் உள்ளே எரிகிறது. இந்தக் குட்டிப் பயலுக்குள் விநாடிக்கு 330 தடவைக்கு மேல்!

இதில் ஸ்பார்க் கிடையாது. ப்ளக்கின் நுனியில் பிளாட்டினம் சேர்ந்த சின்னச் சுருள் கம்பி இருக்கும். கிளப்பும்போது மட்டும் 1.5 வோல்ட் பேட்டரியால் அதைச் சிவக்க வைக்க வேண்டும். கிளம்பியபின் பேட்டரியை எடுத்துவிடலாம். மெத்தனால் ஆவி பிளாட்டினத்தில் பட்டு ஏற்படும் வினையிலும், எரியும் சூட்டிலும் சுருள் தானாகவே சிவந்து கொண்டிருக்கும். 1947-இல் அமெரிக்காவில் ரே ஆர்டன் என்பவர் இந்த ப்ளக்கை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இந்த ப்ளக் இருந்தால் சின்ன எஞ்சின்கள் இக்னிஷன் காயிலையும் பேட்டரியையும் சுமக்க வேண்டியதில்லை.

எலக்ட்ரிக் கட்சிக்காரர்கள் சொல்வதில் நியாயம் இல்லையா? இருக்கிறது. பிரஷ்லெஸ் மோட்டாரும் லித்தியம் பேட்டரியும் வந்தபின் வேகத்தில் நைட்ரோ தோற்றுப்போனது உண்மை. சுவிட்சைப் போட்டால் ஓடும். சத்தமில்லை, புகையில்லை, கையெல்லாம் எண்ணெயில்லை. எல்லாவற்றுக்கும் மேல், நைட்ரோவின் எரிபொருள் விளையாட்டுச் சாமான் அல்ல. எங்கள் பாட்டிலில் 15 சதம் நைட்ரோமீத்தேன், 18 சதம் எண்ணெய், மீதி முழுவதும் மெத்தனால். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபது பேருக்கு மேல் உயிரைக் குடித்த சாராயத்தில் கலந்திருந்ததே, அதே மெத்தனால்தான். தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். அதன் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. துறைத்தலைவர் கையெழுத்து, லேப் பொறுப்பாளர் பூட்டி வைக்கும் பீரோ, எத்தனை மில்லி எடுத்தோம் என்ற ரிஜிஸ்டர், கையுறை, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர்... இவ்வளவு இருந்தால்தான் மூடியைத் திறக்க விடுவார்கள். விட வேண்டியதும் அப்படித்தான்.

இவ்வளவையும் ஒத்துக்கொண்டபின்னும் அந்தப் படகு வேண்டும் என்கிறேன். ஏனென்றால், மூன்று வருடப் படிப்பில் நான் என் கையால் கெடுத்து, என் கையால் சரிசெய்த ஒரே எஞ்சின் அதுதான்.

கெடுத்த கதையை முதலில் சொல்கிறேன்.

போன வருடம் எக்ஸிபிஷனுக்கு மூன்று வாரம் இருக்கும்போது நாங்கள் ஐந்து பேர் அதை எடுத்தோம். மேனுவலைக் கரைத்துக் குடித்தோம். படகின் கனம் எங்கே விழ வேண்டும்? பின்பலகையிலிருந்து மொத்த நீளத்தில் சுமார் 30 சதத்தில். பார்த்தோம், சரி. ப்ரொப்பல்லரைச் சுற்றும் முறுக்குக் கம்பிக்கு கிரீஸ்? போட்டோம். தண்ணீர் குடிக்கும் குழாய் அடைப்பில்லாமல் இருக்கிறதா? ஊதிப் பார்த்தோம். ரிசீவர் நனையாமலிருக்க அதைப் பலூனுக்குள் போட்டுக் கட்டினோம் (சிரிக்காதீர்கள், உலகம் முழுக்க அப்படித்தான் செய்கிறார்கள்). கார்புரேட்டரின் ஹை ஸ்பீடு ஊசியை முழுதும் மூடி, மூன்று சுற்று திறக்கச் சொல்லியிருந்தது. மூன்று சுற்று திறந்தோம்.

ஒர்க்ஷாப் பின்புறம் ஸ்டாண்டில் வைத்துக் கிளப்பியபோது புகை அதிகம், சத்தம் கொழகொழவென்றிருந்தது. ஊசியைக் கொஞ்சம் மூடினேன். சத்தம் கூர்மையானது. இன்னும் கொஞ்சம் மூடினேன். விசில் மாதிரி ஆனது! சுற்றி நின்ற பயல்கள் கைதட்டினார்கள். கைதட்டல் கேட்டால் எவனுக்குத்தான் கை நிற்கும்? இன்னும் கொஞ்சம் மூடினேன்.

அன்றைக்குப் பார்த்து அப்பா ஃபீஸ் கட்ட வந்திருந்தார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். என் அப்பா தூத்துக்குடிக்குத் தெற்கே எங்கள் ஊரில் வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிப் படிக்க வந்தவன் நான்தான் முதல். முதலாமாண்டு சேர்க்கைப் படிவத்தில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் நான் 'வியாபாரம்' என்று எழுதினேன். யாரும் எழுதச் சொல்லவில்லை. நானாகத்தான் எழுதினேன். அப்பா பக்கத்திலேயே நின்றார். அவருக்கு வாசிக்கத் தெரியாது.

கல்லூரிக்குப் பின்னால் இருக்கும் குளத்தில் படகை இறக்கினோம். இதில் கிளட்ச் கிடையாது. எஞ்சின் ஓடினால் ப்ரொப்பல்லரும் சுற்றும்; கையில் பிடித்தபடி கிளப்பி, தண்ணீரில் தள்ளிவிட வேண்டும். தள்ளினோம். அடேயப்பா! மூக்கைத் தூக்கிக்கொண்டு பறந்தது. முதல் சுற்று முடிந்து திரும்பும்போது கரையில் நின்ற அப்பா சத்தமாகச் சொன்னார்: "ஏல, அது பட்டினி கெடக்குல. இழுக்காத, விட்ரு."

எனக்கு முகம் சுருங்கிப்போனது. பக்கத்தில் வேறு துறைப் பசங்கள், பொண்ணுங்க எல்லாம் நிற்கிறார்கள். மடித்துக் கட்டிய கைலியோடு ஒருவர் என்னை 'ஏல' என்கிறார். நான் திரும்பவேயில்லை. ரிமோட்டின் விசையை முழுசாக இழுத்தேன். இரண்டாவது சுற்றின் பாதியில் அந்த விசில் இன்னும் மெலிந்து கீச்சென்று ஏறியது. ஏறிய வேகத்தில் அப்படியே நின்றுவிட்டது. புகை இல்லை. படகு நடுக்குளத்தில்.

நீந்திப் போய் எடுத்து வந்தவன் நான்தான். மீனவன் மகனாகப் பிறந்தது கல்லூரியில் உபயோகப்பட்டது அன்றைக்குத்தான்!

பிரித்துப் பார்த்தால் ப்ளக்கின் சுருள் உருகிக் காணவில்லை. பிஸ்டனில் எக்ஸாஸ்ட் பக்கம் நெடுகக் கோடு கோடாய்க் கீறல். கனெக்டிங் ராடும் போச்சு. பேரவை கொடுத்த பணத்தில் பாதி காலி. எக்ஸிபிஷனில் படகை மேஜைமேல் வைத்துப் பூ சுற்றி வேடிக்கை காட்டினோம். பார்த்திருப்பீர்கள்.

அந்த பிஸ்டனை ஒரு சனிக்கிழமை வீட்டுக்குக் கொண்டுபோனேன். அப்பா அதை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னைத் திட்டவில்லை. "கேட்டியா சத்தத்த? பசிச்ச பிள்ள அழுவுற மாரி மெலிஞ்சு மெலிஞ்சு போச்சு. பெருசுக்கும் அதான், சிறுசுக்கும் அதான்" என்றார். அவர் வள்ளத்தில் இருப்பதும் டூ ஸ்ட்ரோக்தான், மண்ணெண்ணெயில் ஓடும் அவுட்போர்டு. பெட்ரோலில் கிளப்பி, சூடேறினபின் எண்ணெய் கலந்த மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். எரிபொருள் குறைந்தால் 'பட்டினி'. கூடினால் 'மூக்குமுட்டத் தின்னுட்டு மூச்சுவிட முடியாமக் கெடக்கு'. நாம் லேபில் லீன், ரிச் என்று எழுதுகிறோமே, அதுதான்.

அன்றைக்கு ராத்திரி புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்று வருடத்தில் முதல்முறையாக மார்க்குக்காக இல்லாமல் படித்தேன் என்று சொன்னால் சார்மார்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். மெத்தனாலுக்கு ஆறரை கிலோ போதும். நைட்ரோமீத்தேனுக்கு வெறும் 1.7 கிலோ! அதன் மூலக்கூறிலேயே ஆக்ஸிஜன் இருக்கிறது. அதாவது அதே அளவு காற்றுக்கு இந்த எஞ்சின் பெட்ரோல் எஞ்சினைவிடப் பல மடங்கு எரிபொருள் தின்றாக வேண்டும். மெத்தனால் ஆவியாகும்போது பெட்ரோலைப்போல மூன்று மடங்குச் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். பாதிக் குளிர்ச்சி அதிலிருந்துதான் வருகிறது. மசகு எண்ணெயும் எரிபொருளோடுதான் உள்ளே போகிறது. ஆக, நான் ஊசியை மூடிய ஒவ்வொரு தடவையும் அதன் சோறு, தண்ணீர், எண்ணெய் மூன்றையும் ஒன்றாகப் பிடுங்கியிருக்கிறேன். சத்தம் இனிமையாக ஏறியது என்று கைதட்டல் வேறு!

இதை அப்பாவுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஓ, இதுக்கெல்லாம் கணக்கு வச்சிருக்கானுவளா?" என்றார். அவருக்கு ஏன் என்பது தெரியாது. எப்போது என்பது தெரியும். எனக்கு ஏன் என்பது புத்தகத்தில் இருந்தது. எப்போது என்பது தெரியாததால் ஒரு எஞ்சின் செத்தது. நான் சொல்ல வந்ததே இதுதான்.

புது பிஸ்டன், ஸ்லீவ், ராடு வந்து சேர இரண்டு மாதம் ஆனது. மறுபடி பொருத்தி, முதல் ஐந்தாறு டேங்க் எரிபொருளை நன்றாக ரிச்சாக வைத்தே ஓட்டி முடித்தோம். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு எங்கள் ஊரில் கடலுக்குப் போகமாட்டார்கள். பூசை முடிந்து அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தேன். இந்தத் தடவை நானாகக் கூப்பிட்டேன். லேப் பொறுப்பாளர் சார் சாவியோடு ஸ்கூட்டரில் வந்தார்.

இப்போது ஸ்டாண்டில் ட்யூன் செய்யவில்லை. காற்றில் சுற்றும் ப்ரொப்பல்லருக்கு லோடு இல்லை, எஞ்சினுக்குத் தண்ணீரும் கிடையாது. அங்கே கேட்கிற சத்தம் பொய்ச் சத்தம். படகு ஓடினால்தான் குழாய் வழியாகத் தண்ணீர் ஏறி எஞ்சின் தலையைச் சுற்றி வெளியே வரும். ஊசியை மூன்றரைச் சுற்றுத் திறந்து தண்ணீரில் விட்டோம். கொழகொழவென்று, பின்னால் வெள்ளைப் புகையோடு, வயிறு முட்டச் சாப்பிட்ட மாமா மாதிரி நகர்ந்தது. கரைக்கு வரவழைத்து ஊசியைக் கடிகாரத்தில் ஒரு மணி நேரம் அளவு மூடினேன், அதாவது ஒரு சுற்றில் பன்னிரண்டில் ஒரு பங்கு. மறுபடி இரண்டு சுற்று ஓட்டம். மறுபடி ஒரு மணி. ஒவ்வொரு தடவையும் மூன்று இடம் பார்த்தோம். புகைக் கோடு இருக்கிறதா? ப்ளக்கின் சுருள் ஈரமாய்ப் பளபளக்கிறதா, இல்லை வெளுத்துக் கோணியிருக்கிறதா? வெளியே வரும் தண்ணீரில் அப்பா கை வைத்துப் பார்ப்பார். "கை பொறுக்குது. இன்னும் கொஞ்சம் குறைக்கலாம்."

நாலாவது மணியில் படகு திடீரென்று வேறு ஆளாகிவிட்டது. மூக்கு தூக்கி, உடம்பில் பாதி தண்ணீரை விட்டு மேலே வந்து, சத்தம் ஒரே இழுவையாய் ஏறியது. ட்யூன்டு பைப் வேலை செய்யத் தொடங்கிவிட்டது. வெளியே போன அலை திரும்பி வந்து, தப்பித்துப்போகும் கலவையை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளும் அந்த வேகத்தைப் பிடித்துவிட்டது. ஐந்தாவது மணியில் இன்னும் வேகம். எனக்கு ஆறாவது மணி வேண்டும் போலிருந்தது. கை அரித்தது!

"போதும்ல. ஒண்ணு திருப்பி விடு" என்றார் அப்பா.

"நல்லாத்தானப்பா போவுது?"

"டேங்கு நெறஞ்சு கெடக்கு, அதான் நல்லாப் போவுது. காலியாவும்போது இழுக்கக் கஷ்டப்பட்டு இன்னும் பட்டினியாவும். அதுக்கும் சேத்து இப்பவே விடணும்."

சார் என்னைப் பார்த்தார். நான் சாரைப் பார்த்தேன். மேனுவலின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் அதே விஷயம் இருக்கிறது. நாங்கள் ஐந்து பேரும் படித்திருந்தோம்! சார் அப்பாவிடம், "நீங்க எந்த கம்பெனில வேலை பாத்தீங்க?" என்று கேட்டார். "கடல்ல, சார்" என்றார் அப்பா.

அப்புறம் லோ ஸ்பீடு ஊசி. ஐடிலில் ஓடும்போது எரிபொருள் ட்யூபை விரலால் நசுக்கிவிட்டு எண்ண வேண்டும். உடனே செத்தால் பட்டினி. சத்தம் ஏறிக்கொண்டே நீண்ட நேரம் ஓடினால் கூடுதல். இரண்டு மூன்று விநாடியில் லேசாக ஏறி நின்றால் சரி. இது அரை மணியில் முடிந்தது. கடைசியில் மிச்ச எரிபொருளைக் கொட்டி எடுத்துவிட்டு, உள்ளே எண்ணெய் விட்டு மூடினோம். மெத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும், விட்டால் பேரிங் துருப்பிடித்துவிடும்.

இன்னொன்றும் அப்போது புரிந்தது. அடுத்த வாரம் விடிகாலையில் அதே திருகில் ஓட்டியபோது படகு பட்டினிச் சத்தம் போட்டது. காலைக் குளிர்காற்று அடர்த்தியானது; ஆக்ஸிஜன் கூட; அதற்குத் தகுந்தபடி எரிபொருளும் கூட வேண்டும். ஒரு மணி திறந்தேன், சரியானது. அந்தத் தடவை யாரும் சொல்லவில்லை. நானே கேட்டேன். எங்கோ ஒரு நாட்டு வெயிலில் எழுதிய 'மூன்று சுற்று' நம் ஊர்க் குளத்துக்கு எப்படிப் பொருந்தும்?

ஐரோப்பாவில் 3.5 சி.சி. படகுகளுக்கு எஃப்.எஸ்.ஆர்.-வி என்று ஒரு பந்தயம் நடத்துகிறார்கள். ஒரே ஓட்டத்தில் யார் வேகம் என்பதல்ல போட்டி. குறித்த நேரத்துக்குள் நின்றுவிடாமல் யார் அதிகச் சுற்று முடிக்கிறார் என்பதுதான். ஆறாவது மணி கேட்டு கை அரிக்கிறவன் அங்கே ஜெயிக்க மாட்டான் என்று நினைக்கிறேன்.

இப்போது நம் லேபுக்கு வருவோம். பதினைந்து பேர் பேட்ச். ஒருவன் வெயிட் போடுவான், ஒருவன் ஸ்டாப்வாட்ச் பிடிப்பான், 10 சி.சி. எரிபொருள் இறங்கும் நேரத்தை ஒருவன் குறிப்பான். பாக்கிப் பன்னிரண்டு பேர் அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து எழுதுவோம். எதற்கு மறைக்க வேண்டும்? சிலர் போன வருட ரெக்கார்டைப் பார்த்தே எழுதுவோம். அதைக் குறை சொல்லவில்லை. அந்த சோதனையைச் செய்யாமலிருந்தால் எரிபொருள் கணக்கே எனக்குப் புரிந்திருக்காது. ஆனால் அந்த எஞ்சினை எவனாலும் கெடுக்க முடியாது. கவர்னர் பார்த்துக்கொள்ளும். நாம் தப்புச் செய்தால் அது நமக்குச் சத்தம் போட்டுச் சொல்லாது. டிப்ளமா முடித்து ஜெனரேட்டர் கம்பெனிக்கோ, போட் யார்டுக்கோ, சர்வீஸ் சென்டருக்கோ போய் நிற்கும்போது, "தம்பி, இந்தச் சத்தம் என்ன?" என்று கேட்டால் ரெக்கார்டு நோட்டையா காட்டப் போகிறோம்?

எலக்ட்ரிக் படகு வாங்குங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. எலக்ட்ரிக்கல் துறை நண்பர்களுக்கு அதில் கற்க எவ்வளவோ இருக்கிறது. ஆனால் மெக்கானிக்கலில் இரண்டாமாண்டு மாணவர்கள் ஒவ்வொருவரும், ஊசியை முழுதும் மூடிய நிலையிலிருந்து, சார் மேற்பார்வையில், நைட்ரோ படகைத் தானே ட்யூன் செய்து பார்க்க வேண்டும். வருடத்துக்கு ஐந்து ஞாயிறு போதும். ஒரு ப்ளக் நானூறு ரூபாய்க்குக் குறையாது, நாலைந்து போகும். ஒரு பிஸ்டன் செட் போனாலும் போகட்டும் என்று பேரவை தனியாக எடுத்து வைக்க வேண்டும். போன எஞ்சினுக்குக் காரணமானவன் இதைக் கேட்பது உங்களுக்குச் சிரிப்பாகக்கூட இருக்கலாம். அதற்காகவே கேட்கிறேன்.

பீரோவில் இன்னும் முக்கால் லிட்டர் எரிபொருளும் இரண்டு புது ப்ளக்கும் இருக்கின்றன. பாட்டிலைத் திறந்தாகிவிட்டது, அதிக நாள் வைத்தால் ஈரம் கோத்துவிடும். ஏப்ரலில் நாங்கள் கிளம்பிவிடுவோம். இந்த மலர் உங்கள் கைக்கு வரும் வாரத்து ஞாயிறு, காலை பத்து மணிக்குக் குளத்தங்கரைக்கு வாருங்கள். முதலில் வருகிற இரண்டு ஜூனியர்களுக்கு ஊசி. சாரிடம் சொல்லியாயிற்று, சாவி வரும். அப்பாவும் வருகிறேன் என்றிருக்கிறார்.